கதவையும் சேர்த்து ஒட்டியவன்

கிளென் வேவர்லிக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே நடுவயதுப் பெண்கள் இருவர் இருந்தார்கள்.

"நேற்று வீட்டில இவர் சிரிச்சவர்," என்றாள் ஒருத்தி.

மற்றவள் திரும்பிப் பார்த்தாள். "மகன்ர செத்தவீட்டுக்குப் பிறகு முதல்தரமோ?"

"ஓம். ரீவியில பழைய இங்கிலீஷ் பகிடி நாடகம். சுவருக்குப் பேப்பர் ஒட்டுறவன் கதவையும் சேர்த்து ஒட்டிப்போட்டு, வெளியால போக வழி தேடுறான். இவர் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார்."

"நீங்களும் சிரிச்சனீங்களோ?"

"நான் குசினிக்குள்ள நிண்டு அழுதனான். அவருக்குக் கேக்கக்கூடாதெண்டு பாத்திரம் கழுவுற பைப்பைத் திறந்துவிட்டனான்."

"பிறகு?"

"வந்து பாருமெண்டு கூப்பிட்டார். முகத்தைக் கழுவிப்போட்டுப் போய்ப் பக்கத்தில இருந்தன். கதையை முதல்ல இருந்து சொன்னார். அவர் என்னோட அவ்வளவு கதைச்சுக் கனகாலம்."