இருபது நிமிடச் சூடு

உங்கள் விபத்து விசாரணை அறிக்கையில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டும் சார், அதற்காகத்தான் வந்தேன். நான்காம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. மற்றதெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். என் தங்கையின் கணவர் எந்த வளைவில் சுவரில் மோதினார், பின்சக்கரங்கள் எத்தனை அடி தேய்த்துக்கொண்டு போயின, ஆஸ்பத்திரியில் எத்தனை மணி நேரம் உயிரோடு இருந்தார், எல்லாம் சரி. ‘காரைச் சூடேற்றியவர், எஞ்சின் தயாராகிவிட்டது என்று தவறாகக் கணித்திருக்கலாம்’ என்று ஒரு வரி வருகிறது. அதுதான் தப்பு. பதினோரு வருடமாக அந்த எஞ்சினைச் சூடேற்றியவன் நான். என் கை ஒருநாளும் தவறாகக் கணித்ததில்லை.

எஞ்சின் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. சாதாரணக் கார்களில் எஞ்சினைத் தண்ணீர் குளிர்விக்கும். அந்த ஸ்போர்ட்ஸ் காரில் தண்ணீர் என்ற பேச்சே கிடையாது. பின்னால் ஒரு பெரிய விசிறி, அது தள்ளும் காற்று, உள்ளே ஓடும் எண்ணெய், அவ்வளவுதான். இதில் ஒரு சூது உண்டு. கிளப்பிய இரண்டு நிமிடத்தில் மேல்பக்கம் கை வைக்க முடியாதபடி சுடும். தெரியாதவன் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வான். தொட்டியில் எண்ணெய் அப்போதும் தேன் மாதிரி கெட்டியாக, சில்லென்று கிடக்கும். அது இளகி இடுக்கெல்லாம் போய்ச் சேர, குளிர்காலக் காலையில் இருபது நிமிடம் பிடிக்கும். அதற்குள் மிதியை அழுத்தி வேகமெடுத்தால் இரும்போடு இரும்பு உரசி எஞ்சின் இறுகிவிடும். ஓடுகிற ஓட்டத்தில் பின்சக்கரங்களும் அதோடு நின்றுபோகும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பந்தயம் ஓட்டுகிற எல்லோருமே ஆத்திரக்காரர்கள்தான், அதனால் பக்கத்தில் ஒரு பொறுமைசாலி வேண்டும்.

அந்தப் பொறுமைசாலி நான். மாப்பிள்ளை பல் டாக்டர். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற மனிதர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் பந்தயத்தில் இந்தக் காரில் உட்கார்ந்தால்தான் வாய்விட்டுச் சிரிப்பார். ஜெயித்தால் ஒரு தகரக் கோப்பை கொடுப்பார்கள். நான் தனிக்கட்டை. ஒர்க்‌ஷாப்பை விட்டால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான். விடிந்ததும் பந்தயத்திடலின் ஷெட்டுக்குப் போய்விடுவேன். காரைக் கிளப்பி, மிதியை அசையாமல் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் கரகரப்பு போய்ச் சீராகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு இறங்கி எண்ணெய்த் தொட்டியின் அடியில் உள்ளங்கையை வைப்பேன்.

“ஆச்சா மச்சான்?” என்பார்.

“ஆச்சு” என்பேன்.

அந்தச் சொல் வராமல் அவர் பெல்ட்டைக்கூட மாட்ட மாட்டார். ஒருமுறை நான் தாமதமாகச் சொன்னதால் பந்தயமே அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. கிளப்பில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. “மச்சான் சொல்லலன்னா எமனே வந்து கூப்பிட்டாலும் போகமாட்டேன்” என்றார். அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பெருமை.

காரில் எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் மீட்டர் இல்லையா என்று போன வாரம் கேட்டீர்கள். இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அது கெட்டுவிட்டது, புதிது எங்கும் கிடைக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. கெட்ட எண்ணத்தில் கழற்றவில்லை சார். நான் ‘ஆச்சு’ சொன்ன பிறகும் அவர் ஓரக்கண்ணால் அதை ஒருதரம் பார்த்துக்கொள்வார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வருடம் அவர் ஒரு ஹீட்டர் வாங்கினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர்த் தகடு. எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒட்டி, ஒயரைச் செருகிவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் எண்ணெய் தானாகச் சூடாகிவிடும். பெட்டியைப் பிரித்து என்னிடம் காட்டியபோது சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

“இனிமே நீங்க விடியக்காலம் எழுந்து குளிர்ல நடுங்க வேணாம் மச்சான். நல்லா தூங்குங்க. பந்தயம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு வந்து சும்மா உக்காந்து பாருங்க.”

நல்ல மனதோடுதான் சொன்னார். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கறிவேப்பிலையை எடுத்துப் போடும்போது யாராவது அதனிடம் இவ்வளவு அன்பாகப் பேசுவார்களா என்று தோன்றியது. அடுத்த பந்தயத்துக்கு வழக்கம்போல் விடிந்ததும் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து ஒயரைச் செருகிவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அன்று என்னிடம் ஒன்றும் கேட்காமலே போய் ஓட்டி, இரண்டாவதாக வந்தார். தகடு நல்ல தகடு சார். விற்ற கடைக்காரரை நீங்கள் மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்திருக்கிறீர்கள், பாவம், அவரை விட்டுவிடுங்கள்.

அதற்கடுத்த மாதம் பனி கொட்டியது. அவர் ஒயரைச் செருகிவிட்டுக் கிளப் ஆட்களோடு பேசப் போனார். நான் காருக்கு அடியில் படுத்து, ஒயரின் தகட்டுப் பக்க முனையை உருவிவிட்டேன். சுவரில் இருந்த சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. அவர் ஹெல்மெட் எடுக்கப் போனபோது திரும்பவும் செருகினேன். எனக்கு வேண்டியது எஞ்சின் மட்டும்தான். எஞ்சின் போனால் பிரித்துக் கட்ட மூன்று மாதமாகும். அந்த மூன்று மாதமும் மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் கிளினிக்கை மூடிவிட்டு என் ஒர்க்‌ஷாப்புக்கு வருவார். தகட்டைத் தூக்கி எறிவார். பழையபடி எல்லாம் நடக்கும். யோசித்துப் பாருங்கள், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அவர் வந்து காரைக் கிளப்பி, இரண்டு நிமிடம் ஓடவிட்டார். மேல்மூடியைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. அப்படியே போயிருக்கலாம். போன மாதம் கேட்காமல்தானே போனார். அன்றைக்கு என்ன நினைத்தாரோ, என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துவதுபோலச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“ஆச்சா மச்சான்?”

நான் குனிந்து தொட்டியில் கை வைத்தேன். விரல் மரத்துப்போகிற குளிர். என் கை என்னிடம் சரியாகத்தான் சொன்னது. நான் அவரிடம் “ஆச்சு” என்றேன்.

கொடி விழ இன்னும் கால் மணி நேரம் இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் காரை வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கொடி பிடிக்கிறவர் என்னிலிருந்து நாற்பது அடி தூரத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரை ஓரங்கட்டியிருப்பார்கள். எனக்குக் கால் எழவில்லை சார். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க முடியுமா? அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கையாலாகாதவனாக நின்றேன், அதுதான் உண்மை.

பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. முதல் இரண்டு வளைவும் மெதுவான வளைவுகள். அதைத் தாண்டி நீளமான நேர்ப்பாதை, அங்கேதான் அவர் முழுசாக மிதிப்பார். மூன்றாவது வளைவுக்குள் கார் நுழையும்போது எஞ்சின் இறுகியது. கார் பின்பக்கமாகச் சுழன்று போய்ச் சுவரில் மோதித் தீப்பிடித்தது. தீயை அணைத்து அவரை வெளியே இழுத்தது நான்தான். அதற்காக அறிக்கையில் என்னைப் பாராட்டி இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

ஆஸ்பத்திரியில் அவருக்கு அன்று சாயங்காலம் நினைவு வந்தது.

“எஞ்சின் போச்சா மச்சான்?”

“போனாப் போகுது மாப்பிள்ள. நான் கட்டித் தர்றேன்.”

“அந்த ஹீட்டர நம்பினது என் புத்திகெட்டத்தனம். இனிமே நீங்களே பண்ணுங்க, சரியா?”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரை அந்த நிலையில் பார்த்த துக்கம் என்று தங்கை நினைத்தாள். துக்கமும் இருந்தது. ஆனால் உங்களிடம் மறைப்பானேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. மறுநாள் மத்தியானம் போய்விட்டார். டாக்டர் வந்து சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. என் திட்டத்தில் அது இல்லவே இல்லை.

இப்போது தங்கை தினமும் என் வீட்டுக்கு வருகிறாள். புருஷனைப் பறிகொடுத்தவள் வந்து என்னைத் தேற்றுகிறாள். நேற்று உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்மேல தப்பு இல்லண்ணா. குளிர்ல கை மரத்துப்போயிருக்கும். யாருக்கும் தப்பறதுதான்.”

பதினோரு வருடம் பார்த்தவள், அவளே அப்படிச் சொல்லிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள். கை தெரிந்தேதான் பொய் சொன்னது என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் எழுதுவீர்கள் போலிருக்கிறது. ஒன்றை யோசித்துப் பாருங்கள் சார். பதினோரு வருடமும் நான் ஷெட் வாசலில் நின்றுதான் பந்தயம் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கொடி விழுவதற்கு முன்பே, ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்திருந்த தீயணைப்பு சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு, அரை கிலோமீட்டர் நடந்து மூன்றாவது வளைவில் போய் நின்றேன். “அத எதுக்குண்ணா தூக்கிட்டுப் போற?” என்று தங்கைகூடக் கேட்டாள், வேண்டுமானால் அவளைக் கூப்பிட்டு விசாரியுங்கள். அவர் சாக வேண்டும் என்று நினைக்கிறவன் அப்படிச் செய்வானா?