கசங்காத சட்டை

அடுத்த கல் ஷட்டரில் விழுகிறது. தகரம் அதிரும் சத்தம். பிறகு கண்ணாடி. பிறகு என் மகளின் மூச்சு.

நான் கம்பத்தில், பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் போனோடு நிற்கிறேன். சனிக்கிழமை. பொழுது சாயும் நேரம். அவளுக்கு அங்கே மதியம். இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரம். சரண்யா அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். வேலை முடிந்து நடந்து வந்தவளுக்கு எதிரே கூட்டம் வந்தது. வெளிநாட்டவர் வெளியேற வேண்டும் என்று கத்திய கூட்டம். ஓடினாள். பாதி இறங்கியிருந்த ஒரு ரொட்டிக் கடை ஷட்டருக்கு அடியில் நுழைந்தாள். உள்ளேயிருந்துதான் வீடியோவில் அழைத்தாள்.

"ஆத்தா, கீழ உக்காரு. கண்ணாடிப் பக்கம் நிக்காத."

பழம் வெட்டிக்கொண்டிருந்தவர்களின் கை நிற்கிறது.

"தள்ளிப் போ ஆத்தா. தள்ளிப் போ."

திரையில் அவளுக்கு முன்னால் ஒரு முதுகு. மாவு படிந்த நீலச் சட்டை. கடைக்காரர் யூசுப். ஒரு போருக்குத் தப்பி சிரியாவிலிருந்து அங்கே வந்தவர். வாசல் ஷட்டரை முழுக்க இறக்கி, அதற்குத் தோள் கொடுத்து நிற்கிறார். வெளியே உதைக்கிறார்கள். ஒவ்வோர் உதைக்கும் அந்த முதுகு குலுங்கியது. நகரவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். சரண்யாவின் கை அந்தச் சட்டையின் நுனியைப் பிடித்திருந்தது.

சின்ன வயதில் கம்பம் பஸ் ஸ்டாண்டுக் கூட்டம் என்றால் அவளுக்குப் பயம். கையைக் கொடுத்தால் பிடிக்க மாட்டாள். என் சட்டை நுனியைத்தான் பிடிப்பாள். கசங்கிய சட்டையோடுதான் வீடு திரும்புவேன்.

அவள் பிழைக்க வேண்டும் என்று வேண்டினேன். அதே நொடியில் எனக்குப் பொறாமை. இதையும் சொன்னால்தான் சாட்சியம்.

போலீஸ் சைரன். கூச்சல் தேய்ந்தது. ஷட்டர் பெயரவில்லை.

மறுநாள் என் மனைவியின் அண்ணன் தேனியிலிருந்து வந்தார்.

"அளவில்லாம ஆள உள்ள விட்டா அந்த ஊர்க்காரன் என்ன செய்வான் மாப்ள? வந்தவக ஒட்டிப் பழகணும்ல. அந்த முஸ்லிமுக தனித் தெருவாவுல்ல இருக்காக."

என் வியாபாரக் கூட்டாளி காஜாவும் உட்கார்ந்திருந்தார். உத்தமபாளையத்துக்காரர்.

"அணைத் தகராறப்ப மலைக்கு அந்தப் பக்க எஸ்டேட்டுல இருந்து நம்மாளுக ஒத வாங்கி, மூட்டையோட இறங்கி வந்தாகளே அண்ணே. ஒட்டிப் பழகாமயா இருந்தாக? வரும்போதே மலையாளத்துல அழுதுக்கிட்டு வந்தாக."

"அது வேற காஜா."

"ஒத வாங்குனவனுக்கு வேற இல்ல."

எனக்கு இரண்டு பேச்சும் வேண்டாம். மகள் வேண்டும். டிக்கெட் போடவா என்று போனில் கேட்டேன்.

"இப்ப வரலப்பா. கண்ணாடியக் கூட்டணும். தெருவே வந்து நிக்கிது. எதுத்த வீட்டுக் கிழவி, இங்கன வந்தவுக ஜாஸ்தின்னு எப்பவும் பொலம்புவாக, அவுகளும் தொடப்பத்தோட வந்திருக்காக."

"யூசுப் என்ன சொல்றாக?"

"பாஷையே படிக்காம இருக்கிற எங்காளுகளால எனக்கும் கெட்ட பேருங்கிறாக. அதுக்காகக் கடைய ஒடைக்கிறதாங்கிறாக. அவுகளும் கிழவியும் கூட்டிக்கிட்டே சண்ட போடுறாக."

"நீ எங்கன தங்குற?"

"யூசுப் வீட்டுலதான். அங்கனதான் தூக்கம் வருது."

போனை யூசுப்பிடம் கொடுத்தாள். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தோள் எப்படி இருக்கிறது என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டேன். பரவாயில்லை என்றார். பொய்.

போனவற்றை எழுதுகிறேன். கடையின் கண்ணாடி முகப்பு. சரண்யாவின் சைக்கிள். பக்கத்துக் கடைக்காரர் குடும்பம். ஊரை விட்டே போனது. யூசுப்பின் வலது கை. இனி தலைக்கு மேல் தூக்க முடியாது. அந்தத் தெருவில் உயிர் எதுவும் போகவில்லை.

என் பக்கம் போனது ஒன்று. பொங்கலுக்குச் சரண்யா வந்தாள். கம்பம் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு மெதுவாக நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். பின்னால் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

சட்டை கசங்காமல் வீடு வந்தது.