படகை விட்டு இறங்காதவன்

— முதல்ல அந்த முகமூடியைக் கழட்டுக்கா. ஒரு விஷயம் சொல்லணும்.

— இருடா, மூச்சு விட்டுக்கறேன். கடலுக்கடியில என்ன அழகு தெரியுமா! ஆமா, இந்த வெயில்ல எதுக்குத் தார்ப்பாயைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கே?

— அலை அடிச்சு நனைஞ்சுட்டேன். அக்கா... நீ குடுத்த பை...

— எந்தப் பை?

— விளையாடாதேக்கா. ஆரஞ்சுத் துணிப் பை. கார் சாவி, வீட்டுச் சாவி, உன் மோதிரம்.

— ம். சட்டைப் பாக்கெட்ல பத்திரமாத்தானே வெச்சே?

— வாந்தி வந்துச்சு. குனிஞ்சேன். பொத்துனு விழுந்து முழுகிடுச்சு.

— அடப்பாவி! உனக்கு நீச்சல் தெரியாது, எது நடந்தாலும் படகை விட்டு இறங்கமாட்டேன்னுதானேடா உன்கிட்ட குடுத்தேன்! கார் டயர் மேல வைக்கலாம்னேன். திருடன் முதல்ல அங்கதான் தடவுவான்னே. என் டைவிங் டிரெஸ்ல ஜிப் வெச்ச பாக்கெட் இருக்குன்னேன். உப்புத்தண்ணி பட்டா ரிமோட் செத்துடும்னே. மார்தட்டி வாங்கிக்கிட்டு இப்ப பொத்துன்னா?

— சாவி கெடக்குதுக்கா, பூட்டை உடைச்சுக்கலாம். மோதிரம்... அத்தான் கப்பல் ஏறுற அன்னிக்கு உன் விரல்ல போட்டது. காய்ச்சல்ல இளைச்சு உனக்கு அது தொளதொளன்னு ஆயிடுச்சு. தண்ணிக் குளிர்ல விரல் சுருங்கி நழுவிடும்னு நான்தானே கழட்டச் சொன்னேன். அவர் வந்து கேட்டா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு...

— ஐயையோ, அழறியா? டேய்! இந்தா, என் இடுப்புப் பாக்கெட்டைத் திற.

— எதுக்கு... அக்கா! இது எப்படி உன்கிட்ட?

— மேல வர்றதுக்கு முன்னாடி நங்கூரக் கயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிக்கணும். நின்னேனா, தலைக்கு மேலேர்ந்து என் பையே என்னைத் தேடிக்கிட்டு இறங்கி வருது! லபக்குனு புடிச்சேன்.

— மோதிரம் இருக்கு. இருக்குக்கா! என் வயித்துல பாலை வார்த்தே.

— ரிமோட்தான் போச்சு. போனாப் போகுது, பஸ்ல போவோம்.

— உனக்குக் கோபமே இல்லையா?

— கையில கெடச்சப்பவே போயிடுச்சு. உன்னைக் கொஞ்சம் வேகவிட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்.

— படகுக்கார அண்ணே, பாத்தீங்களா எங்கக்கா பண்ற வேலையை?

— அண்ணனையா கூப்பிடறே? நான் கீழ பையோட மல்லுக்கட்டறேன், அவரு மேல காலை உதைச்சுக்கிட்டு ஜாலியாக் குளிக்கிறாரு. ஏண்ணே, படகை இவன்கிட்ட விட்டுட்டா குளிக்க இறங்குவீங்க?

— நான் எங்கம்மா குளிச்சேன்?

— பின்னே நான் பாத்தது யாரு காலு?

— அண்ணே, வேணாம்ணே...

— உன் தம்பி காலும்மா. பை விழுந்ததும் பின்னாலயே குதிச்சிட்டாரு. கொக்கிக் கம்பு போட்டு இழுத்து, நான்தான் அந்தத் தார்ப்பாயைப் போத்திவிட்டேன்.