குடை பிடித்த காலை

“இன்னிக்கு வெளிச்சமே சரியில்லை, பார்வதி. ஒரு உள்ளான் குருவிகூடத் துலங்கலை.”

மும்பை மின்ரயிலில், சிவ்ரி நிலையத்தில் ஏறி என் பக்கத்தில் அமர்ந்த பெரியவர் மனைவியிடம் இதைச் சொன்னபோது, அவர் மடியிலிருந்த கேமராவின்மேல் ஜன்னல் கம்பிகளின் நிழல் கூர்மையாக விழுந்திருந்தது. வெளியே நல்ல வெயில். நான் முணுமுணுத்துக்கொண்டிருந்த பாசுரம் பாதியில் நின்றுவிட்டது.

“ஆமாம்னா, ஒரே மூட்டம்,” என்றார் அந்த அம்மாள்.

“எத்தனை இருந்துது?”

“அம்பது இருக்கும். சேத்துல ஓடிண்டே இருந்துது.”

“நான் வெறும் சேத்தைத்தான் எடுத்தேனோ என்னமோ.”

“அலகுகூடத் தெரியறதே! இந்த மூட்டத்துல இவ்வளவு வந்ததே ஜாஸ்தி.”

அந்த அம்மாள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கேமராத் திரையில் சேறும் நீரும் மட்டுமே இருந்தன.

“கண் டாக்டர் நேத்து உன்னைத் தனியா கூப்பிட்டு என்ன சொன்னார்?”

“சொட்டு மருந்தை மாத்தலாம்னார். வேற ஒண்ணுமில்லை.”

குர்லா தாண்டியது. பெரியவர் கோபம் சிறிதுமின்றிக் கேட்டார்:

“மழையும் பெய்யலை. மூட்டமா இருந்தா, கரையில எனக்கு எதுக்குக் குடை பிடிச்சே?”

அந்த அம்மாள் மடியிலிருந்த குடையை ஓசைப்படாமல் பைக்குள் திணித்தார்.

செம்பூர் வந்தது. எழுந்து நின்றவரின் கை, மனைவியின் தோளைக் காற்றில் தேடிக் கண்டுகொண்டது.

“மூட்டம்னே வெச்சுப்போம். பிள்ளை போன் பண்ணினா, அவன்கிட்டேயும் அப்படியே சொல்லு.”