மாகாளிக்கொடி எண்ணியவன்

இந்த நாற்காலி ஆடுகிறது, ஐயா. ஒரு காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் வைத்தால் சரியாகிவிடும். அவசரமில்லை, நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ராயப்பராஜ். திண்டுக்கல் மேட்டுப்பட்டிக்காரன். சிறுமலைக் காப்புக்காட்டில் ஃபாரஸ்ட் கார்டு வேலை. 1952-இல் மேலதிகாரி ஒருவர் ஒரு பாறைச் சரிவைக் காட்டி, அங்கிருக்கும் மாகாளிக்கொடிகளை வருஷந்தோறும் எண்ணச் சொன்னார். அதன் கிழங்கு மருந்துக்கும் போகும், ஊறுகாய்க்கும் போகும். முதல் வருஷம் முன்னூற்றுப் பன்னிரண்டு கொடிகள். அந்த அதிகாரி மாற்றலாகிப் போன பிறகு யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. நான் மட்டும் விடவில்லை. கொடிக்குக் கொடி தகரத்தில் எண் எழுதிக் கட்டினேன். எவனாவது கிழங்கை அறுத்திருக்கிறானா என்று தெரிய வேண்டுமே. அதற்காக வருஷம் தவறாமல் ஒவ்வொரு வேரையும் தோண்டிப் பார்த்து மூடினேன்.

1957-இல் இருநூற்று நாற்பது. 1961-இல் நூற்று ஐம்பத்தெட்டு. என் மனைவி ரோசலின் காய்ச்சலில் போனபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. இந்த எண்ணைப் பார்த்தபோது வந்தது.

அந்தப் பக்கம் கிழங்கு எடுக்கிறவன் சங்கிலி என்கிறவன் ஒருவன்தான். அடிவாரத்துக்காரன். மரத்தில் கயிறு கட்டிப் பாறை விளிம்பில் இறங்குவான். இரண்டு முறை பிடித்து அடித்தேன். மறுபடியும் வந்தான்.

1962 மாசியில் ஒரு நாள் அவன் கயிற்றில் தொங்கியபோது நான் மேலே நின்றேன். அண்ணாந்து பார்த்துப் பேசினான்.

"கார்டய்யா, உங்க சரிவுல நான் கை வச்சதே இல்ல. நீங்கதான் வருசா வருசம் வேரத் தோண்டிப் பாக்குறீக. காத்துப் பட்டா வேர் அழுகிரும். அப்பறம் கொடி எப்படிப் பொழைக்கும்?"

ஒரு திருடன் எனக்குப் பாடம் சொல்கிறான். அரிவாளை எடுத்துக் கயிற்றில் வைத்தேன். முதல் வெட்டிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு பொம்பளப் புள்ளைகய்யா" என்றான்.

இன்னும் இரண்டு வெட்டு தேவைப்பட்டது.

கயிறு நைந்து அறுந்ததென்று நானே அறிக்கை எழுதினேன். உடலையும் நானே ஆள் வைத்து இறக்கினேன். அவன் மனைவி ஜக்கம்மாள் என்னைக் கும்பிட்டு, "காட்டுல விட்டுறாம தூக்கியாந்தீகளே, நல்லாருப்பீக" என்றாள்.

பிறகு அந்தச் சரிவுக்கு ஒருவரும் வரவில்லை. இனிக் கொடி பெருகும் என்று நம்பி, வருஷத்துக்கு ஒரு முறை தோண்டிப் பார்த்ததை இரண்டு முறை ஆக்கினேன். 1964-இல் எழுபத்தாறு. நேற்று எண்ணினேன், பதினொன்று. எந்த வேரிலும் அறுத்த தடம் இல்லை. இரவெல்லாம் கோபம் அடங்கவில்லை, ஐயா. அதனால்தான் விடிந்ததும் பஸ் ஏறி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

சங்கிலியைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் என் கொடிகளை அழிக்கிறவன் இன்னும் வெளியே திரிகிறான். முதலில் அவனைப் பிடியுங்கள்.