ஆமா போடும் இடம்

பாபநாசம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு வில்லுப்பாட்டுக்காரரும் ஒரு நர்ஸும். ஆஸ்பத்திரிகளுக்குக் கலைஞர்களைக் கூட்டிப்போகும் வட்டாரக் குழுவை இருவரும்தான் நடத்துகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“அண்ணாச்சி, இன்னைக்கு ஆமா போடுத ஆளை மேடையில உக்கார வைக்காதீய.”

“என்ன சிஸ்டர் சொல்லுதீய? நான் ஒரு வரி சொன்னா ‘ஆமா’ங்க ஆளில்லாம வில்லுப்பாட்டு ஏது?”

“போன வாரம் அவரு டீ குடிக்கப் போயிட்டாருல்லா. நீங்க ‘மழை பெய்யுது’ன்னு சொல்லிட்டு அவரைத் தேடி முழிச்சீய. அப்ப வார்டுக்குள்ள இருந்து ஒரு ‘ஆமா’ வந்துச்சே, யாருன்னு பாத்தீயளா?”

“இல்லியே.”

“மாஞ்சோலைக்கார அம்மா. தேயிலை எஸ்டேட்டை மூடி மலையை விட்டு இறக்குனதுல இருந்து யாருகிட்டயும் வாய் திறக்காதவங்க. இன்னைக்கும் அந்த இடம் அவங்களுக்குக் காலியா இருக்கட்டும்.”



“ஆமா போடுதவன் மனசு சங்கடப்படுமே, சிஸ்டர்.”

“அவரும் வரட்டும். அந்த அம்மா கட்டில் பக்கத்துல உக்காரட்டும். ஆனா பேசக்கூடாது. இருப்பாரா?”

“இருப்பான். அவன் சம்சாரம் கடைசியில பேச்சில்லாமத்தான் கெடந்தா. அவ உதடு அசையுதான்னு பாத்துக்கிட்டே பக்கத்துல இருந்தவன்லா அவன்.”