குனிந்து பார்த்தவர்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலியில் ஸ்பாஞ்சு அமுங்கிப் போய்விட்டது, சார். மேலே ரெக்சின் பளபளப்பாகத்தான் இருக்கிறது, உள்ளேதான் ஒன்றுமில்லை. உங்களுடையதும் இப்படித்தான் இருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? நாற்பது வருடம் கார் சீட்டு தைத்தவள் நான், உட்கார்ந்தாலே தெரிந்துவிடும்.

சரி, பல் டாக்டர் எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள். அதற்கு எங்கள் கிளப்பின் வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

ஒரே மாடல் கார் வைத்திருந்த பதினொரு குடும்பங்கள் சேர்ந்து நாற்பது வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்த கிளப் அது. தலைவர் என் வீட்டுக்காரர். அதனால் நான் எல்லாருக்கும் அண்ணி. மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டு வாசலிலிருந்து வரிசையாகக் கிளம்பி, மலைமேல் அணைக்கட்டு வரைக்கும் போய்வருவோம். கிளம்பும் முன் யாரும் தன் வண்டியைத் தானே சோதிக்கக் கூடாது. தான் பெற்ற பிள்ளையின் குறை தன் கண்ணுக்குத் தெரியாது என்பார் என் வீட்டுக்காரர். பின்னால் நிற்கிறவர் முன்னால் நிற்கிற வண்டியின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். கோடு விழாமல் வண்டி நகராது. முதல் வண்டி எங்களுடையது. அடுத்தது பல் டாக்டருடையது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒன்பதாவது வளைவில் பிரேக் பிடிக்காமல் என் வீட்டுக்காரர் வண்டியோடு பள்ளத்துக்குள் போனார். தலைவலி என்று நான் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டேன். அதோடு கிளப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

போன மாதம், எங்கள் கிளப்புக்குக் கணக்கு எழுதுகிற வாத்தியார் போன் செய்தார். நாற்பது வருடம் நிறைகிறது, மிச்சமிருப்பவர்களாவது ஒருமுறை சேர்ந்து மலைக்குப் போவோம் என்றார். என் தையல் கொட்டகையில்தான் கூடிப் பேசினோம்.

"பதினொரு வண்டில ஏழு பழைய இரும்புக்குப் போயிடுச்சு. ஓடறது நாலுதான்," என்றார் வாத்தியார், நோட்டைப் பிரித்துக்கொண்டே.

"வண்டி ஓடும்யா. முட்டி எத்தனை ஓடும், அதை எழுது முதல்ல," என்றார் ஹாரன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசத் தெரியாது, அதனால் அந்தப் பெயர்.

"முட்டி இருக்கட்டும். உன் தொண்டைக்கு ஒரு சைலன்சர் மாட்டிட்டு வா," என்றார் பல் டாக்டர்.

இப்படியே ஒரு மணி நேரம் பழைய கதை. யார் வண்டி ஆட்டு மந்தைக்குள் போனது, யார் மனைவியைப் பெட்ரோல் பங்கில் மறந்துவிட்டு வந்தார் என்று. கடைசியில் வாத்தியார் கேட்டார்: "சாக்பீஸ் கோடு உண்டா?"

பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இனிமே சொன்னா என்ன? என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துட்டா, யாருக்குப் பயம்? நான் ஒரு நாளும் குனிஞ்சதே இல்லய்யா. வண்டிக்குப் பின்னாடி குத்தவச்சு, அவளுக்குத் தெரியாம ஒரு சிகரெட்டை முடிச்சுட்டு, கோட்டைப் போட்டுட்டு எந்திரிச்சு வந்துடுவேன்."

"அடப்பாவி, ஒரு நாளுமேவா?" என்றார் ஹாரன்.

"ஒரு நாளும் இல்ல."

வாத்தியார் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். அப்போதுதான் அவருக்கு நான் இருக்கிறேன் என்பது உறைத்தது. "அண்ணி... மன்னிச்சிடுங்க. நான் அன்னிக்கு மட்டும் பாத்திருந்தா..."

"விடுங்க டாக்டர். டீ ஆறுது," என்றேன்.

நான் புருஷனை நினைத்துக் கலங்கினேன் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள். நீங்களும் இப்போது பழிக்குப் பழி என்றுதான் எழுதியிருப்பீர்கள். அதை அடித்துவிடுங்கள், சார்.

என் வீட்டுக்காரர் ஊருக்கு நல்லவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் எனக்கும் ஒன்று விழும், அதே நீளத்துக்கு. ஸ்கேல் வைத்து அளப்பார். என் தையல் கத்தியைத்தான் எடுப்பார். ஒரு தடவை கதவில் பள்ளம் விழுந்தது. அதற்கு எப்படி அளப்பது என்று யோசித்துப் பார்த்துவிட்டு, என் வாயில் குத்தினார். இரண்டு பல் ஆடின. பல் டாக்டரிடம் போனேன்.

"படியில விழுந்தீங்களா அண்ணி?"

"ஆமா."

"அந்தப் படி ரொம்ப மோசம் போல இருக்கே," என்றார். விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு, வண்டிகள் வந்து சேருமுன், பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாயை முக்கால் பாகம் அறுத்து வைத்தேன். ஒளித்துச் செய்யவில்லை. பின் டயரின் உள்பக்கமெல்லாம் எண்ணெயில் நனைந்திருந்தது, குனிந்தால் குருடனுக்கும் தெரியும். பல் டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டால் அன்று மாலை நான் இருக்க மாட்டேன். சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் இருக்க மாட்டார். தீர்ப்பை டாக்டரிடம் விட்டுவிட்டு ஜன்னலில் நின்றேன். அவர் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு கோட்டைப் போட்டார். நிமிர்ந்து, ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

ஆக, செய்தது நாங்கள் இரண்டு பேர். இருபத்திரண்டு வருடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசத் தேவையே இருக்கவில்லை. வழியில் பார்த்தால் "சௌக்கியமா அண்ணி" என்பார். அதில் எல்லாம் இருக்கும். பாவத்தில் பாதி அவருடையது என்பதால்தான் எனக்குச் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. இப்போது டீயைக் குடித்துக்கொண்டே, நான் பார்க்கவே இல்லை என்கிறார். முழுப் பாரத்தையும் என் தலையில் இறக்கிவிட்டு, பிஸ்கட்டை எடுத்துக் கடிக்கிறார்.

கொல்ல வேண்டும் என்று நான் அவரைக் கூப்பிடவில்லை. சபையில் வாய் தவறிப் பொய் சொல்லியிருப்பார், தனியாகக் கேட்டால் உண்மையைச் சொல்வார் என்று நினைத்தேன். வியாழன் காலை பத்து மணிக்குப் போன் செய்தேன். "டாக்டர், ஞாயித்துக்கிழமைக்கு என் வண்டிய நீங்கதானே பாக்கணும்? இந்தத் தடவையாவது நிஜமா குனிஞ்சு பாத்துடுங்க."

சிரித்துக்கொண்டே வந்தார். பள்ளத்திலிருந்து மீட்டுப் பழுது பார்த்து வைத்திருந்த அதே வண்டியை ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரத்தைக் கழற்றியிருந்தேன். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வைப்பது வழக்கம், ஜாக்கி நழுவினால் தாங்கும். அன்று அதைச் சுவரோரம் சாய்த்திருந்தேன். மறதியாக இருக்கும்.

அவர் சாக்கை விரித்து, மெதுவாக மல்லாந்து உள்ளே போனார். "நாப்பது வருஷத்துல மொத தடவை அண்ணி. அடியில இவ்வளவு சமாச்சாரம் இருக்கா?"

"டாக்டர், அன்னிக்கு பிரேக் குழாய் அறுந்திருந்ததைப் பாத்தீங்கதானே?"

"அறுந்திருந்ததா? யார் சொன்னா?"

"நான்தானே அறுத்தேன்."

ஷூ இரண்டும் அசையாமல் நின்றன. "அண்ணி, நான் வெளிய வந்துடறேன்," என்றார். குதிகால் தரையைத் தேடியது. வண்டியை இறக்குகிற ஜாக்கித் திருகைக் கால் சுற்று திருகினேன்.

பழைய சீட்டைப் பிரிக்கும்போது துருப்பிடித்த ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். அந்த மாதிரி நாலைந்து சத்தம் கேட்டது. உடனே திருகை மூடி, ஜாக்கிக் கம்பியை நாலு அடி அடித்து வண்டியைத் தூக்கினேன். நான் இரக்கமில்லாதவள் இல்லை. என் கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, "நல்லா இருப்பீங்க அண்ணி... ஆளைக் கூப்பிடுங்க..." என்றார். வாயில் ரத்தம் நுரைத்துக்கொண்டு வந்ததால் பேச்சு தெளிவாக இல்லை.

"பாத்தீங்களா, இல்லையா?"

"இல்ல அண்ணி... சத்தியமா..."

மறுபடியும் இறக்கினேன். இந்தத் தடவை கொஞ்சம் தாமதித்துத் தூக்கினேன். கால் ஒன்று தானாக உதறிக்கொண்டிருந்தது. முட்டியில் கை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதே கேள்வியைப் பொறுமையாகக் கேட்டேன்.

"பாத்தேன்... பாத்தேன் அண்ணி..."

"தெரிஞ்சுதானே கோடு போட்டீங்க?"

"ஆமா..."

"யாருக்காக?"

"நீங்க சொல்றவங்களுக்காக... யாரா இருந்தாலும்... தூக்குங்க அண்ணி..."

"எனக்காகத்தானே?"

"ஆமா... உங்களுக்காக..."

அதற்குமேல் அவரைக் கஷ்டப்படுத்தவில்லை. முழுச் சுற்றும் திருகிவிட்டேன். மூச்சு நின்றபின் கையைக் கழுவிக்கொண்டு வாத்தியாருக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு டாக்டர் வண்டி வராது, என்னுடையதும் வராது என்று சொன்னேன். அவர் நோட்டில் அடித்து எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன். அன்றைக்குப் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

இந்தச் சாவுக்கு என் பெயரை மட்டும் எழுதுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் விஷயத்தை மறுபடி எடுப்பீர்கள் அல்லவா, அதில் பல் டாக்டர் பெயரையும் என் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார். நெஞ்சின்மேல் அவ்வளவு பாரம் ஏறிக் கிடக்கும்போது எந்த மனுஷனுக்கு, சார், பொய் சொல்ல வரும்?